புரோ எவல்யூஷன் சாக்கர் 5: ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு விலை

2005-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஐரோப்பியக் கடைகளுக்குச் சில வார இடைவெளியில் இரண்டு கால்பந்து வீடியோ கேம்கள் வந்தன. ஒன்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘ஃபிஃபா 06’. அதன் அட்டையில் ரொனால்டினோவும் வெய்ன் ரூனியும் இருந்தார்கள். மற்றொன்று ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘புரோ எவல்யூஷன் சாக்கர் 5’. அதன் அட்டையில் தியரி ஹென்றியும் ஜான் டெர்ரியும். முதலாவதில் கழகங்கள் தங்கள் சொந்தப் பெயரோடும் சின்னத்தோடும் வந்தன. இரண்டாவதில் இங்கிலாந்துக் கழகங்களில் ஆர்சனலுக்கும் செல்சிக்கும் மட்டுமே அந்தக் கொடுப்பினை. அந்த ஆண்டு மே 25 அன்று இஸ்தான்புல் இறுதிப்போட்டியில் மூன்று கோல் பின்தங்கி, மூன்றையும் திருப்பி அடித்து, பெனால்ட்டியில் வென்று ஐரோப்பாவின் சாம்பியனான லிவர்பூல், கொனாமியின் வட்டுக்குள் ‘மெர்சிசைடு ரெட்’ என்ற பெயரில் ஆடியது. மான்செஸ்டர் யுனைடெட்டின் பெயர் ‘மேன் ரெட்’.

அப்படியிருந்தும், கால்பந்தின் நுட்பத்தைப் பொருட்படுத்தியவர்கள் இரண்டாவதையே தேடிப் போனார்கள். இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும் பிளேஸ்டேஷன் 2-இல் வந்த கால்பந்து ஆட்டங்களில் எது உயர்ந்தது என்று கேட்டால் இந்தப் பெயர் முதல் மூச்சில் வருகிறது. ஆனால் ‘அந்தக் காலம் போல வருமா’ என்பது அன்புக்கான சான்று, தரத்துக்கான சான்று ஆகாது. பதினைந்து வயதில் நண்பனோடு ஆடிய எதுவும் பின்னாளில் இனிக்கத்தான் செய்யும். அந்த இனிப்பைத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஆட்டத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஓர் அளவுகோல் தேவை.

என் அளவுகோல் இது. கால்பந்து பற்றாக்குறையின் ஆட்டம். இருபத்திரண்டு பேருக்கு ஒரே பந்து. தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒரு கோல்கூட விழாமல் முடியலாம். ஒருவர் முன்னே ஓடினால் அவர் விட்டுப்போன இடம் வெறுமையாகிறது. வேகம் எடுத்தால் பந்து காலை விட்டு விலகுகிறது. ஓங்கி உதைத்தால் குறி தவறுகிறது. எதைச் செய்தாலும் வேறொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த விட்டுக்கொடுத்தலை ஆடுபவரின் விரலில் உணர்த்துகிறதா என்பதை வைத்தே ஒரு கால்பந்து வீடியோ கேமை மதிப்பிட வேண்டும். தொலைக்காட்சி ஒளிபரப்பைப் போல அது தோற்றம் தருகிறதா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான மதிப்புரைகள் அந்த அடுத்த கேள்வியிலேயே தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொனாமிக்குள்ளேயே இரண்டு கால்பந்து மரபுகள் இருந்தன. ஒசாகா பிரிவு 1994-இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு ‘இன்டர்நேஷனல் சூப்பர்ஸ்டார் சாக்கர்’ செய்தது. அதில் பிரேசில் அணிக்காகக் கற்பனையாகப் படைக்கப்பட்ட அலெஹோ என்ற முன்கள ஆட்டக்காரரைப் பிரேசில் ரசிகர்கள் இன்றும் நிஜ ஆளைப் போல நினைவுகூர்கிறார்கள். தோக்கியோ பிரிவு 1995-இல் ஜப்பானின் ஜே லீக்கை வைத்து முதல் பிளேஸ்டேஷனில் ‘வின்னிங் இலெவன்’ தொடங்கியது. ஒசாகாவின் ஆட்டம் துள்ளலானது, கோல் மழை பொழிவது. தோக்கியோவின் ஆட்டம் நிதானமானது. ‘சீபாஸ்’ என்று ரசிகர்கள் அழைத்த ஷிங்கோ தகாட்சுகா தலைமையில் ஆண்டுதோறும் செதுக்கப்பட்ட இந்த இரண்டாவது மரபுதான் ஐரோப்பாவில் ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ ஆனது. ஐந்தாம் பதிப்பு ஜப்பானில் 2005 ஆகஸ்டில் ‘வின்னிங் இலெவன் 9’ என்ற பெயரில் முதலில் வந்தது. பிளேஸ்டேஷன் 2-இன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களே அந்த இடத்தை அடைத்துவிடும். அதற்குள் இருபத்திரண்டு உடல்களையும் ஒரு பந்தையும் நடுவரையும் மைதானத்தையும் அவர்கள் வைத்தார்கள்.

இனி களத்துக்குள் போவோம். இந்த ஆட்டத்தின் முதல் தகுதி, பந்து தனிப்பொருளாக இருப்பது. கேட்கச் சாதாரணமாகத் தோன்றும். அக்காலத்து ஆட்டங்கள் பலவற்றில் பந்து ஆட்டக்காரரின் உடலுறுப்பு போலவே நடந்துகொண்டது. அவர் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். இங்கே அப்படியில்லை. மெதுவாக நகரும்போது பந்து பாதத்துக்கு அருகில் சின்னச் சின்னத் தட்டல்களாக உருள்கிறது. ஆர்1 பொத்தானை அழுத்தி வேகமெடுத்தால் தட்டல் நீள்கிறது. ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து யாருடையதும் அல்ல. எதிரணித் தடுப்பாளர் கால் நுழைப்பது அந்த இடைவெளியில்தான். ஆகவே வேகம் எடுப்பது ஒவ்வொரு முறையும் ஒரு முடிவாகிறது. ஆர்1-ஐ விடாமல் அழுத்திக்கொண்டே ஓடும் புதியவர் ஐந்தாறு அடியில் பந்தை இழப்பார். எங்கே விட வேண்டும், எங்கே மறுபடி அழுத்த வேண்டும் என்பதைக் கற்றவர், அதே ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு வேறொரு ஆட்டம் ஆடுவார்.

இரண்டாவது, உடலின் எடை. பந்தை வாங்கும் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார், எந்தக் கால் முன்னால் இருக்கிறது, முதுகில் யார் சாய்ந்திருக்கிறார் என்பவை அடுத்த பாஸின் தரத்தை முடிவுசெய்கின்றன. கோலுக்கு முதுகு காட்டி நிற்பவரை உடனே திரும்பி அடிக்கச் சொன்னால் பந்து தள்ளாடிப் போகும். இடக்கால்காரருக்கு வலப்பக்கம் பந்து கொடுத்தால் அவர் ஒரு நொடி எடுத்துக்கொண்டு அதைத் தன் காலுக்கு மாற்றுவார். அந்த ஒரு நொடிக்குள் வாய்ப்பு மூடிவிடும். நிஜக் கால்பந்தில் பயிற்சியாளர்கள் சலிக்காமல் சொல்லும் பாடம், பந்து வருவதற்கு முன்பே உடலைத் திருப்பி வை என்பது. இந்த ஆட்டம் அதைச் சொல்லாமலே கற்றுக்கொடுத்தது. பந்து வந்துசேரும்போது தானாக அதை நோக்கி ஓடும் ஆட்டக்காரரை ஆர்1, ஆர்2 இரண்டையும் சேர்த்து அழுத்தி விடுவித்து, நாம் விரும்பும் இடத்துக்கு நடத்தலாம். இதைக் கண்டுகொண்டவர்களுக்குத் தலையால் முட்டும் பந்துகளிலும் எதிராளியை உடலால் மறைத்து நிற்பதிலும் ஒரு புதிய பரப்பே திறந்தது. இவ்வளவு முக்கியமான கருவியைப் புதியவர் தாமாகக் கண்டடைவது கடினம் என்பதை ஒரு குறையாகவே எழுத வேண்டும்.

மூன்றாவது, ஷாட். சதுரப் பொத்தானை அழுத்தினால் ஆற்றல் பட்டை நிரம்பும். பாதியைத் தாண்டினாலே பந்து கம்பத்துக்கு மேலே போகும் அபாயம். அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே கோலியின் நிலையையும் கவனிக்க வேண்டும், பின்னால் விரட்டி வருபவரின் மூச்சையும் கணக்கில் வைக்க வேண்டும். நிதானமாக, பக்கவாட்டுப் பாதத்தால் தூரத்துக் கம்பத்தை ஒட்டி உருட்டிவிடும் கோல், இந்த ஆட்டத்தில் மிக அழகான கோல். அதை அடிக்க ஒருவர் சில நூறு முறை கம்பத்துக்கு மேலே அடித்திருக்க வேண்டும். ஆட்டநேரத்தைப் பத்து நிமிடமாக வைத்து, சம திறமையுள்ள இருவர் ஆடினால் 1–0, 1–1, 2–1 என்றுதான் பெரும்பாலும் முடியும். கோல் ஏதுமின்றி முடிவதும் அபூர்வமன்று. ஒரு வீடியோ கேம் தன் வாடிக்கையாளருக்குக் கோல் இல்லாத பத்து நிமிடத்தைக் கொடுத்து, அதில் அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் இருக்கும்படி செய்ததென்றால், அங்கே கோலைத் தவிர வேறு ஏதோ மதிப்புள்ளது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த வேறு ஏதோ ஒன்று, தற்காப்பில்தான் முழுமையாகத் தெரிகிறது. எக்ஸ் பொத்தானை அழுத்தினால் நாம் இயக்கும் ஆள் பந்தை நோக்கி நெருக்குவார். சதுரத்தை அழுத்தினால் அருகிலுள்ள இன்னொருவரும் சேர்ந்துகொள்வார். இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால் எதிராளி திணறுவது உண்மை. ஆனால் அந்த இரண்டாவது ஆள் வந்த இடம் திறந்து கிடக்கும். ஒரே ஒரு நல்ல பாஸ் போதும், முழு அணியும் முதுகு காட்டி ஓட வேண்டியிருக்கும். அதோடு தொடர்ந்து நெருக்குபவர்களின் தெம்பு பட்டை இரண்டாம் பாதியில் வற்றிப்போயிருக்கும். ஆகவே பொறுமையாக இடத்தைக் காத்து நிற்பது கோழைத்தனமல்ல, திறமை என்பதை இந்த ஆட்டம் நிலைநாட்டியது. மிலானின் பாவ்லோ மால்தினிக்கு அப்போது வயது முப்பத்தேழு. வேகத்தில் இளைஞர்கள் அவரைக் கடந்துவிடுவார்கள். ஆனால் அவரை இடம் பார்த்து நிறுத்தத் தெரிந்தவருக்கு அவர் சுவர். ஓர் ஆட்டக்காரரின் குணத்தை முகச்சாயலில் காட்டாமல், எதை வைத்திருக்கிறார், எதை இழந்திருக்கிறார் என்ற எண்களின் கூட்டில் காட்டியது கொனாமி. வேகம், சமநிலை, எதிர்வினை, பாஸ் துல்லியம், ஷாட் ஆற்றல் என நீளும் அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் 99 வரை மதிப்பெண். இதில் வியப்பு, அந்த எண்கள் களத்தில் எண்களாகத் தெரிவதில்லை. நடுக்கள வீரர் பிர்லோவிடம் பந்து இருக்கும்போது நம்மையறியாமல் தூரத்தில் ஓடுபவரைத் தேடுகிறோம். ஹென்றியிடம் போகும்போது இடப்பக்கம் ஒதுங்கி வளைக்கத் தோன்றுகிறது. எண் நடத்தையாக மாறும் இந்த இரசவாதத்தை அக்காலத்து வேறெந்தக் கால்பந்து ஆட்டத்திலும் இந்த அளவுக்கு நான் கண்டதில்லை.

இங்கே நடுவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தத் தொடரில் களத்தில் நடுவர் உருவமாக வந்தது நான்காம் பதிப்பில். அதன் அட்டையிலேயே இத்தாலிய நடுவர் பியர்லூயிஜி கொலினா இடம்பெற்றார். ஐந்தாம் பதிப்பில் அந்த நடுவரின் விசில் ஓயவில்லை. தோளோடு தோள் உரசினால் ஃபவுல். பின்னாலிருந்து வேகமாக நெருங்கினால் ஃபவுல். நிஜக் களத்தில் எந்த நடுவரும் கண்டுகொள்ளாத உரசலுக்கெல்லாம் ஆட்டம் நின்றது. ஃபவுலுக்கு ஆளான அணிக்குச் சாதகம் தொடர்கிறதா என்று காத்திருக்கும் பக்குவமும் அவரிடம் குறைவு. இதை மென்மையாகச் சொல்லிக் கடந்துவிட முடியாது. பத்து நிமிட ஆட்டத்தில் பத்துமுறை விசில் கேட்டால் ஓட்டம் சிதறுகிறது.

இதற்கு ஆதரவாளர்கள் தரும் விடை, கண்மூடித்தனமாக நெருக்குவதற்கு ஒரு தண்டனை வேண்டாமா என்பது. பாதி சரியான விடை. ஃபவுல் என்ற அச்சம் இல்லாவிட்டால் மேலே நான் புகழ்ந்த தற்காப்புப் பொறுமைக்கே அர்த்தம் இருக்காது. ஆனால் விலை என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த நடுவரிடம் எது குற்றம், எது குற்றமில்லை என்பது பல நூறு ஆட்டங்களுக்குப் பிறகும் தெளிவாகப் பிடிபடவில்லை. பொத்தானை அழுத்தாமலே நம் ஆள் இடித்துக்கொண்டதற்கும் தண்டனை வந்தது. தெரியாத விலை தண்டனை ஆகாது, தற்செயல் ஆகிவிடும். கருத்து சரி, செயல்பாடு தவறு. என் கணக்கில் இதுவே இந்த ஆட்டத்தின் முதன்மைக் குறை.

விலை தலைகீழாகப் பொய்த்த இடமும் உண்டு. அதன் பெயர் அத்ரியானோ. இன்டர் மிலானின் அந்தப் பிரேசில் வீரரின் இடக்கால் ஷாட், உடல்வலு, வேகம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. முப்பது மீட்டரிலிருந்து, இருவர் தோளைப் பிடித்துத் தொங்கும்போதும், அவர் அடித்தால் வலை கிழிந்தது. மற்ற எல்லோருக்கும் ஒன்று கிடைக்க ஒன்று போக வேண்டியிருந்த உலகத்தில் அவருக்கு மட்டும் எதுவும் போகவில்லை. நண்பர்கள் கூடி ஆடிய அறைகளில் இன்டர் அணியை எடுக்கக்கூடாது என்று தாங்களே விதி போட்டுக்கொண்டதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆடுபவர்கள் சேர்ந்து ஒரு விதியை ஒட்டவைக்க வேண்டியிருப்பது வடிவமைப்பில் விழுந்த ஓட்டை. 2005-இல் நிஜ அத்ரியானோவும் அப்படித்தானே இருந்தார் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நிஜ அத்ரியானோவுக்கும் சோர்ந்த நாள்கள் இருந்தன. கோலிகளின் கதையும் இதற்குப் பக்கத்தில் வரும். கடினமான ஷாட்டைப் பறந்து தடுக்கும் அதே கோலி, சாதாரணமானதைக் கைப்பற்றாமல் எதிராளியின் காலடியிலேயே தட்டிவிடுவார். ஆட்டத்தின் முடிவைத் தீர்மானித்த கோல்களில் ஒரு பங்கு இப்படி வந்தவை. அவற்றை அடித்தவருக்கும் அதில் பெருமை இருந்ததில்லை.

பெயர்களின் குறையை எப்படி எடைபோடுவது? இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்து லீக்குகள் பெரும்பாலும் உரிமத்தோடு இருந்தன. இங்கிலாந்துக் கழகங்களில் பெரும்பாலானவை முகமூடி அணிந்தவை. ஆனால் வீரர்களின் சொந்தப் பெயர்கள் இருந்தன. ஸ்டீவன் ஜெரார்டு ‘மெர்சிசைடு ரெட்’ அணிக்கு ஆடினாலும் ஜெரார்டாகவே ஆடினார். இரண்டாம் பதிப்பில் நெதர்லாந்து வீரர்கள் அனைவரும் ‘ஆரஞ்சஸ்’ என்ற சொல்லும் ஒரு எண்ணுமாக நின்றதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். மிச்சத்தை எடிட் வசதி பார்த்துக்கொண்டது. கழகத்தின் பெயரை மாற்றலாம், சட்டையின் நிறத்தையும் கோடுகளையும் வரையலாம், சின்னத்தைப் புள்ளி புள்ளியாக இழைக்கலாம். ரசிகர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து எல்லாக் கழகங்களையும் திருத்தி, 8 மெகாபைட் மெமரி கார்டில் ஏற்றிக்கொள்ளும்படி ‘ஆப்ஷன் ஃபைல்’ செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். காசு வாங்கிய நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலையைக் காசு கொடுத்தவர்கள் செய்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது வணிகத்தின் குறை. ஒப்பந்தங்கள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸிடம் இருந்தன, அவ்வளவுதான். பந்து உருளத் தொடங்கிய கணத்தில் சட்டையின் பெயர் மறந்துபோனது என்றால், ஆட்டத்தின் மதிப்பு எங்கே குடியிருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. நான் இதற்குக் குறைக்கும் மதிப்பெண் சிறியது.

பீட்டர் பிராக்லி, டிரெவர் புரூக்கிங் இருவரின் வர்ணனை ஒரு மாதத்தில் மனப்பாடமாகிவிடும். கூட்டத்தின் ஆரவாரம் பரவாயில்லை. மெனு இசை மறக்கத்தக்கது. இவற்றில் ஃபிஃபா வெகுதூரம் முன்னே இருந்தது.

மாஸ்டர் லீக் என்ற ஆட்டமுறை தனித்துப் பேசப்பட வேண்டியது. ஒரு கழகத்தை எடுத்து, இரண்டாம் பிரிவில் தொடங்கி, யாருமறியாத கற்பனை வீரர்களோடு மேலே ஏற வேண்டும். முன்களத்தில் காஸ்டோலோ, நடுவில் மினாண்டா, கோலில் இவாரோவ். இவர்கள் வேகமில்லாதவர்கள், பாஸ் பிசகுபவர்கள். ஆனால் இந்தத் தொடர் கண்ட சிறந்த ஆசிரியர்கள் இவர்கள்தாம். ரொனால்டினோவை வைத்து ஆடும்போது எதிராளியைக் கடந்து போகலாம். காஸ்டோலோவை வைத்து அது நடக்காது. பந்தை நகர்த்தி, இடத்தை உண்டாக்கி, மூன்றாவது ஆள் ஓடிவரும்வரை காத்திருக்க வேண்டும். பலவீனமான அணி நம்மைக் கால்பந்து சிந்திக்க வைக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் வீரர்களின் பெயருக்குப் பக்கத்தில் அன்றைய உடல்நிலையைக் காட்டும் அம்பு. மேல்நோக்கிய சிவப்பு அம்போடு ஒரு நாள் மினாண்டா மாவீரனாவார். கீழ்நோக்கித் தொங்கும் அம்போடு நட்சத்திர வீரர் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். வெற்றிக்குக் கிடைக்கும் புள்ளிகளே பணம். பருவத்தின் இறுதியில் எல்லோருடைய சம்பளத்தையும் அதிலிருந்து கொடுக்க வேண்டும். கையிருப்பு பற்றாமல் போனால் கதை அத்தோடு முடிந்தது. களத்தில் நிலவிய விலைக் கணக்கு இங்கே கணக்குப் புத்தகமாகவும் விரிந்தது.

ஆனால் அந்த விரிவு நீடிக்கவில்லை. முதல் பருவம் அற்புதம், இரண்டாவது சிறப்பு. மூன்றாவதிலிருந்து இறங்குமுகம். புள்ளிகள் குவியக் குவிய உலகத்து நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக நம் கழகத்துக்கு வந்துவிடுவார்கள். மற்றக் கழகங்கள் எதிர்த்து ஏலம் கேட்பதில்லை, பழிவாங்குவதில்லை, வளர்வதும் பெரிதாகத் தெரிவதில்லை. கழக நிர்வாகம் என்ற ஒன்று இல்லவே இல்லை. இதே காலத்து ஃபிஃபாவின் மேலாளர் வசதியில் இதைவிட அடர்த்தி இருந்தது. ஒருகாலத்தில் காஸ்டோலோ அடித்த தட்டுத்தடுமாறிய கோலுக்குக் கத்தியவர், ஐந்தாம் பருவத்தில் கனவு அணியின் ஆறாவது கோலைப் பார்த்தும் பார்க்காமல் அடுத்த ஆட்டத்துக்குப் பொத்தானைத் தட்டுவார். கணினியின் ஆட்டமும் இதற்குத் துணைபோகிறது. உச்சக் கடினநிலையிலும் அது ஒருசில வழிகளிலேயே தாக்கும். ஓரத்துக்குப் போகும், உள்ளே தூக்கிப் போடும். அந்த வழிகளை அறிந்துகொண்டபின் மிஞ்சுவது பழக்கம். தனியாக ஆடுபவருக்கு இந்த ஆட்டத்தின் ஆயுள் குறைவு. இருவராக ஆடுபவருக்கு முடிவே இல்லை. இந்த வேறுபாடு தீர்ப்பில் இடம்பெற்றாக வேண்டும்.

ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாது. ஃபிஃபா 06 மோசமான ஆட்டமல்ல. பளபளப்பும் ஒழுங்கும் உள்ளது. ஆனால் அதில் பந்து இன்னும் காலோடு கட்டுண்டே கிடந்தது. நல்ல யோசனைக்கும் மோசமான யோசனைக்கும் கிடைக்கும் பலன்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருந்தன. அந்த ஆண்டில் இரண்டுக்கும் போட்டியே இல்லை என்பதில் எனக்குத் தயக்கமில்லை. தயக்கம் வருவது அடுத்த ஆண்டில். 2006-இல் வந்த ஆறாம் பதிப்பைத்தான் பலர் சிகரம் என்கிறார்கள். அவர்களுடைய வாதம் வலுவானது. நடுவரின் விசிலை அது அடக்கியது. ஆட்டம் இடையறாமல் ஓடியது. பாஸ்கள் இலகுவாகச் சேர்ந்தன, தாக்குதல் மலர்ந்தது. முதன்முறை கன்ட்ரோலரைப் பிடிப்பவருக்கு நான் கொடுக்கக்கூடியது ஆறாம் பதிப்புதான். ஆனால் இலகுவான ஒவ்வொன்றுக்கும் ஈடாகத் தற்காப்பின் கண்டிப்பு தளர்ந்தது. நடுக்களத்தில் பந்தை இழப்பதன் வலி குறைந்தது. அத்ரியானோ இன்னும் அடங்கவில்லை. ஐந்தின் முதன்மைக் குறையை ஆறு நீக்கியது, ஆனால் அந்தக் குறையோடு ஒட்டியிருந்த கடுமையையும் சேர்த்துக் கொஞ்சம் நீக்கிவிட்டது. இரண்டில் எதை நூறாவது ஆட்டத்திலும் விரும்புவேன் என்று கேட்டுக்கொண்டால் எனக்கு ஐந்துதான்.

அதன்பின் நடந்ததும் இந்த மதிப்பீட்டுக்குத் தேவைப்படுகிறது. பிளேஸ்டேஷன் 3-க்கு மாறியபோது கொனாமி தடுமாறியது. 2008 என்ற எண்ணோடு வந்த பதிப்பு அந்த இயந்திரத்தில் திக்கித் திணறி ஓடியது. ஃபிஃபா 10 எல்லாத் திசையிலும் தடையின்றித் திரும்பும் பந்தோட்டத்தைக் கொண்டுவந்து களத்திலேயே முந்தியது. எட்டுத் திசைப் பொத்தானில் வளர்ந்த பழைய ஆட்டத்தின் கோணலான திருப்பங்கள் இன்று கைக்கு உறுத்துவது உண்மை. அதை மறுக்கும் ரசிகர், நினைவை ஆடுகிறார், ஆட்டத்தை அல்ல. 2021 செப்டம்பர் 30 அன்று கொனாமி தன் பழைய பெயரையே கைவிட்டு ‘ஈஃபுட்பால்’ என்று இலவசமாக வெளியிட்டதற்கு எழுந்த கண்டனத்தில் நிறுவனமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. மறுபக்கம், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2009-இல் கொண்டுவந்த ‘அல்டிமேட் டீம்’ வேறொரு விலையைப் புகுத்தியது. என்ன வீரர் உள்ளே இருக்கிறார் என்று தெரியாத பொட்டலத்தை மெய்யான பணத்துக்கு வாங்கும் ஏற்பாடு அது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இத்தகைய பொட்டலங்களைச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரியில் அந்நாட்டில் ஃபிஃபா பாயின்ட்ஸ் விற்பனையை நிறுவனம் நிறுத்தியது. பிற நாடுகளில் வியாபாரம் தொடர்ந்தது.

2005-இன் வட்டில் எல்லா விலையும் களத்துக்குள்ளேயே இருந்தது. அவசரத்துக்கு, சோம்பலுக்கு, பேராசைக்கு அங்கேயே கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஒருமுறை வட்டை வாங்கியபின் உங்கள் எதிராளியிடம் உங்களைவிட அதிகம் இருக்கக்கூடியது பயிற்சி மட்டுமே. இன்றைய ஆட்டங்கள் பார்வைக்கும் அசைவுக்கும் எத்தனையோ மடங்கு உயர்ந்தவை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவை பின்னால் போயிருக்கின்றன என்று நான் அழுத்தமாகச் சொல்வேன்.

ஆகவே தீர்ப்பு. இந்த ஆட்டம் மாசற்றது என்ற பாராட்டு நிற்காது. நடுவர் சீரற்றவர், அத்ரியானோ வரம்பு மீறியவர், கோலிகள் நம்பத்தகாதவர்கள், மாஸ்டர் லீக் பாதியில் உயிரிழக்கிறது, தனியாளுக்கு ஓராண்டுக்கு மேல் தாங்காது. இவ்வளவையும் கழித்த பிறகும், இருவர் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடும் கால்பந்து என்ற வகையில் பிளேஸ்டேஷன் 2-இன் காலத்தில் இதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்குப் பிந்திய காலத்திலும், முடிவெடுப்பதற்கு இவ்வளவு எடை கொடுத்த ஆட்டத்தை என்னால் இரண்டாவதாகச் சுட்ட முடியவில்லை. பழைய இயந்திரமும் வட்டும் உங்களிடம் இருந்தால் கணினியை எதிர்த்து ஆடிப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். சம திறமையுள்ள ஒருவரை அழைத்து, இன்டரை விலக்கிவைத்து, ஆட்டநேரத்தைப் பத்து நிமிடமாக்கி, ஒரு வாரம் தொடர்ந்து ஆடுங்கள். முதல் நாள் விசில்தான் காதில் விழும். ஆர்1-இலிருந்து விரலை எடுக்கப் பழகும்வரை பொறுத்திருங்கள்.